பாவு அவர்களது, தறி நம்முடையது: வெளிநாட்டுச் சட்ட வேலை பற்றிக் கொங்கு வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன. அமெரிக்காவில் மந்தம் என்றால் அங்கே கம்பெனிகள் வக்கீல் செலவைக் குறைக்கும். அந்த வேலை நம் கோவைப் பக்கம் வருமா, வந்தால் நம்பிப் போகலாமா என்பதுதான் அது. நான் 2009 முதல் மூன்று வருடம் பெங்களூரில் இந்த வேலை பார்த்தவன். பிறகு கோவை கோர்ட்டுக்கே திரும்பிவிட்டேன். பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: சட்டப் படிப்பு கடைசி வருடம். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி டாக்குமென்ட் ரிவ்யூ வேலைக்குக் கூப்பிடுகிறது. அப்பா ஈரோட்டில் ஒரு சீனியரிடம் சேரச் சொல்கிறார். சீனியர் ஆபீசில் முதல் இரண்டு வருடம் பெட்ரோல் காசுகூடத் தேறாது என்கிறார்கள். எதில் சேர? (மாணவி, கோபிசெட்டிபாளையம்)

அம்மணி, முதலில் அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகளுக்குள் வழக்கு என்றால், ஒருவர் கேட்கும் ஆவணங்களை மற்றவர் தேடி எடுத்துக் கொடுத்தாக வேண்டும். 2006 டிசம்பரில் அங்கே உரிமையியல் நடைமுறை விதிகளைத் திருத்தி, கம்ப்யூட்டரில் இருப்பதும் இதில் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். அப்புறம் ஒரு வழக்குக்கே லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள். அதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆள் வேண்டும். திரையில் இடது பக்கம் மின்னஞ்சல், வலது பக்கம் கட்டங்கள்: வழக்குக்குச் சம்பந்தம் உண்டா, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் உள்ள ரகசியமா, முக்கியமானதா. பார்த்து டிக் அடித்துவிட்டு அடுத்தது. பொழுதுக்கும் இதுதான்.

கேட்க எளிது. நான் சேர்ந்த நாலாவது மாதம், இரண்டு மேனேஜர்கள் சரக்கு எப்போது வரும் என்று பேசிக்கொள்ளும் மின்னஞ்சல் ஒன்று வந்தது. ‘ரகசியம் இல்லை’ என்று அடித்துவிட்டு நகர்ந்தேன். கீழே உருட்டியிருந்தால், அதற்கு முன்பு போன பதில் ஒன்றில் கம்பெனி வக்கீல் எழுதிய இரண்டு வரி ஆலோசனை கண்ணில் பட்டிருக்கும். மறுசோதனை செய்த அக்கா பிடித்துவிட்டார். பிடிக்காமல் எதிர்க்கட்சி கைக்குப் போயிருந்தால், அதைத் திரும்பப் பெற அங்கே உள்ள வக்கீல் நீதிபதி முன்னால் நிற்க வேண்டி வந்திருக்கலாம். அன்றிலிருந்து எந்தத் தாளையும் அடி வரை படிக்காமல் விட்டதில்லை. இன்று ஒரு கிரயப் பத்திரத்தைக் கையில் எடுத்தாலும் அந்தப் பழக்கம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டும் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. பாவும் ஊடையும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நாம் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். துணி அவர் பேரில் சந்தைக்குப் போகும். இங்கேயும் அப்படித்தான்: வழக்கு அவர்களது, கட்சிக்காரர் அவர்களது, கடைசிக் கையெழுத்தும் அங்கே உள்ள வக்கீலுடையது.

இப்போது உங்கள் முடிவுக்கு வருவோம். இந்திய பார் கவுன்சில் விதி 49-ன்படி முழுநேரச் சம்பள வேலையில் இருக்கும்வரை வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. வழக்கறிஞராகப் பதிவு (என்ரோல்) ஆனபின் வேலைக்குப் போனால், அதை மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். சொல்லாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதி தேர்வுக்குக் குறைந்தது மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று மறுபடி கட்டாயமாக்கியது. கம்பெனியில் இருக்கும் வருடங்கள் அந்தக் கணக்கில் சேராது. நீதிபதி ஆகும் எண்ணம் மனதின் ஓரத்திலாவது இருந்தால், காசு தேறாவிட்டாலும் ஈரோட்டுக்கே போங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் சரவணம்பட்டியில் இருந்து பாருங்கள். மூன்றாவது வருடமும் அதே டிக் அடிக்கும் வேலையையே கொடுத்தால் அங்கே இருக்க வேண்டாம்.

கேள்வி: இந்த வேலையே வக்கீல் சட்டத்துக்கு விரோதம் என்று பக்கத்து வீட்டு வக்கீல் சொல்கிறார். பையனை அனுப்பப் பயமாக இருக்கிறது. (தகப்பனார், உடுமலைப்பேட்டை)

பயப்பட வேண்டாம் ஐயா. ஆனால் அவர் சொல்வதில் ஒரு நூல் உண்மை இருக்கிறது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களை எதிர்த்து ஏ.கே.பாலாஜி என்ற வழக்கறிஞர் போட்ட வழக்கில், 2012 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தட்டச்சு, படியெடுப்பு, மெய்ப்புப் பார்ப்பது போன்ற துணை வேலைகளைச் செய்து கொடுக்கும் கம்பெனிகள் வழக்கறிஞர் சட்டத்துக்குள் வராது என்றது. 2018 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை இன்னும் கறாராக்கியது: கம்பெனி என்ன பேர் வைத்துக்கொண்டாலும், செய்வது சாரத்தில் வக்கீல் தொழில் என்றால் சட்டம் பாயும்.

ஆகவே பையன் ஆவணம் பிரிக்கலாம், ஒப்பந்தத்தின் சுருக்கம் எழுதலாம், தீர்ப்பு தேடிக் கொடுக்கலாம். கட்சிக்காரருக்கு நேராக ஆலோசனை சொல்லச் சொன்னால் அங்கேதான் கோடு. அமெரிக்க வக்கீல்களின் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷனும் 2008 ஆகஸ்டில் இதையே அந்தப் பக்கத்திலிருந்து சொன்னது: வேலையை வெளியே கொடுக்கலாம், மேற்பார்வையும் ரகசியமும் பொறுப்பும் கொடுத்த வக்கீலின் தலையில்தான். வேலைக்குச் சேரும்போது, ‘எங்கள் வேலையைச் சரிபார்க்கும் வக்கீல் யார், எங்கே இருக்கிறார்?’ என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் தெளிவாக வராத கம்பெனி வேண்டாம்.

கேள்வி: மந்தம் வந்தால் நமக்கு வேலை கூடும் என்கிறார்களே, உண்மையா? (வழக்கறிஞர், நாமக்கல்)

பாதிதான் உண்மை. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்த பிறகு, புதிதாகச் சேர்ந்த வக்கீல் தாள் புரட்டியதற்கெல்லாம் மணிக்கணக்கில் டாலர் கொடுக்க முடியாது என்று கட்சிக்காரக் கம்பெனிகள் பேச ஆரம்பித்தன. 2009 ஜூனில் சுரங்கக் கம்பெனியான ரியோ டின்டோ, சட்டச் செலவில் 20 சதவீதம் குறைக்கும் குறியோடு, தன் வேலையில் ஒரு பகுதியை இந்தியாவில் ஆள் வைத்திருந்த சி.பி.ஏ. குளோபலிடம் கொடுத்தது. 2010 நவம்பரில் இதே மாதிரிச் சட்ட வேலை செய்து கொடுத்த பாஞ்சியா த்ரீ என்ற நிறுவனத்தைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் வாங்கியது. எங்கள் ஆபீசிலும் அந்த வருடங்களில் நாற்காலி போதவில்லை.

மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அதே 2009-ல் அமெரிக்கச் சட்ட நிறுவனங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் மணிக்கூலிக்கு இதே டாக்குமென்ட் ரிவ்யூவுக்கு வந்து நின்றார்கள். அவர்கள் இறங்கி வந்ததால் நம் கூலியும் இறங்கியது. அதோடு, மந்தத்தில் எல்லா வேலையும் அதிகமாகிவிடாது. வழக்கும் திவாலும் கூடும். கம்பெனியைக் கம்பெனி வாங்கும்போது அதன் தாள்களைச் சோதிக்கும் டியூ டிலிஜென்ஸ் வேலை படுத்துவிடும். எங்கள் தளத்தில் ஒரு மூலையில் ராத்திரி ஷிப்ட் இரட்டிப்பானபோது, இன்னொரு மூலையில் பதினைந்து பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே தளம், ஒரே மாதம். வேலைக்குக் கூப்பிடும் இடத்தில் எந்த வகை வேலை, எத்தனை கட்சிக்காரர்கள் என்று கேளுங்கள். ஒரே பையரை (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியை) நம்பி யூனிட் போட்டவர்கள் பட்ட பாட்டைத் திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேள்வி: எனக்குப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். இங்கிலீஷில் பேசத்தான் வராது. தமிழ் மீடியம். (தாராபுரம்)

தம்பி, இந்த வேலையில் வாய்க்கு வேலை குறைவு, கண்ணுக்குத்தான் வேலை. தினமும் ஒரு ஆங்கிலத் தீர்ப்பைப் படித்துப் பத்து வரியில் சுருக்கி எழுதுங்கள். ஆறு மாதம் விடாமல் செய்தால் பேச்சு தானாகப் பின்னால் வரும். என்னுடன் இருந்தவர்களில் தவறே விடாதவர் ஒரு தமிழ் மீடியம்காரர்.

கேள்வி: குழந்தைக்கு ஒரு வயது. வீட்டிலிருந்தே ஒப்பந்தம் சரிபார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. கவனிக்க வேண்டியது என்ன? (பெருந்துறை)

தனி அறையும் தனி கம்ப்யூட்டரும் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மணி. ஊட்டுக்காரர் எட்டிப் பார்த்தாலும் ரகசியம் போனது போனதுதான். திரையைப் போட்டோ எடுப்பது, புரியாத ஒரு பிரிவை வாட்ஸ்அப்பில் தோழிக்கு அனுப்பிக் கேட்பது, இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒட்டிப் பார்ப்பது, இவற்றை நல்ல மனசோடு செய்துதான் பலர் மாட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தத்தின் ஒரு நகலை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் யோசியுங்கள்: கோடையில் நமக்குச் சாயங்காலம் ஏழு மணி என்றால் நியூயார்க்கில் காலை ஒன்பதரை. குழந்தை தூங்கும் நேரத்தில்தான் அவர்கள் கூப்பிடுவார்கள்.

கேள்வி: டாலரில் பணம் வந்தால் ஜிஎஸ்டி உண்டா? (சேலம்)

ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 20 லட்சத்துக்குள் என்றால் பதிவு கட்டாயமில்லை. தாண்டினால் பதிந்து, எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டு வரி கட்டாமலே சேவையை ஏற்றுமதி செய்யலாம். வருமான வரி தனி. பேங்க் கொடுக்கும் வரவுச் சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஏஐ வந்துவிட்டதே, இனி இந்த வேலை இருக்குமா? (பொள்ளாச்சி)

தாள்களை முதலில் சலித்துப் பிரிக்கும் வேலை குறையத்தான் போகிறது. இது நேற்று வந்ததும் இல்லை. ஆவணங்களைக் கம்ப்யூட்டரே தரம் பிரிப்பதை 2012-லேயே நியூயார்க் கோர்ட் ஒன்று ஏற்றுக்கொண்டது. ஆனால் 2023-ல் அதே நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை அப்படியே மனுவில் எழுதிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இயந்திரம் சொன்னது என்பதைக் கோர்ட் கேட்டுக்கொள்ளவில்லை. கையெழுத்து யாருடையதோ அவரைத்தான் பிடித்தது. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் உட்கார்ந்து சரிபார்க்கும் ஆளுக்கு வேலை இருக்கும். டிக் அடிக்க மட்டும் கற்றுக்கொண்டவருக்கு இருக்காது. இதை மென்று விழுங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பங்கள் பல இதை நம்பி நிற்கின்றன.

கேள்வி: நான் பனியன் எக்ஸ்போர்ட்டர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து என் பையர் பணத்தை இழுக்கிறார். திவால் மனு போடப்போகிறார் என்று பேச்சு. என் அக்கா மகன் கோவையில் அமெரிக்கச் சட்ட வேலை பார்க்கிறான். நானே பார்த்துத் தருகிறேன் என்கிறான். விடலாமா? (திருப்பூர்)

அண்ணா, கடிதத்தைப் படித்து மனசு கனத்தது. மருமகன் உதவட்டும், ஆனால் ஆலோசனை அவனுடையதாக இருக்கக் கூடாது. அவனுக்கு அந்த ஊர்ச் சட்டம் பழக்கம். அந்த ஊரில் வக்கீல் உரிமம் இல்லை. எதுவரை அவன், எங்கிருந்து அமெரிக்க வக்கீல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அவன் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. அங்கே பையர் சாப்டர் 11 மனு (கடனைச் சீரமைக்கப் போடும் திவால் மனு) போட்டுவிட்டால், உங்கள் பாக்கியைக் கோரும் படிவம் 410-ஐக் கடைசித் தேதிக்குள் கொடுக்க வேண்டும். இதை வக்கீல் இல்லாமலும் கொடுக்கலாம். தேதி தவறினால் பெரும்பாலும் பாக்கி போனது போலத்தான்.

அடுத்ததைத் திருப்பூரில் பலர் அறியாமல் நஷ்டப்படுகிறார்கள். மனு போடுவதற்கு முந்தைய 20 நாளுக்குள் பையர் பெற்றுக்கொண்ட சரக்கின் மதிப்புக்கு, அடமானம் இல்லாத சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் உரிமை உண்டு. நாம் தூத்துக்குடியில் எப்.ஓ.பி.யாக (கப்பலில் ஏற்றியதும் சரக்கின் பொறுப்பு பையருக்குப் போகும் முறையில்) ஏற்றிவிட்டோம், நாள் கடந்துவிட்டது என்று கைவிட வேண்டாம். 2017-ல் அமெரிக்க மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், கப்பலில் ஏற்றிய நாள் கணக்கில்லை, சரக்கு பையர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு என்று சொன்னது. பெரிய கம்பெனிகள் அதிகம் திவால் மனு போடும் டெலவேர் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. பையரே வைத்த ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பும் ஏஜென்டிடம்) கொடுத்ததே அவர் பெற்றுக்கொண்டதாகிவிடும் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அங்கேதான் உங்களுக்கு அமெரிக்க வக்கீல் வேண்டும்.

கசப்பான ஒன்றும் உண்டு. மனுவுக்கு முந்தைய 90 நாளில் பழைய பாக்கிக்கு அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வரலாம். வழக்கமான முறையில் வழக்கமான நாளில் வந்த பணம் என்று காட்டினால் தப்பலாம். அதற்கு மூன்று வருடக் கொடுக்கல்வாங்கல் கணக்கு கையில் இருக்க வேண்டும். அந்த நோட்டீசுக்கும் மருமகன் பதில் எழுதக் கூடாது.

ஏற்றுமதிப் பணம் வராவிட்டால் ஈடு தரும் இ.சி.ஜி.சி. காப்பீட்டுப் பாலிசி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பணம் வராததை உரிய கெடுவுக்குள் அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். பையர் வருத்தப்படுவார் என்று தள்ளிப்போட்டுக் கிளெய்ம் இழந்தவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். இன்று சாயங்காலமே மருமகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பலில் ஏற்றியதற்கான ரசீது), சரக்கு அங்கே போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரம், பையரின் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மின்னஞ்சலையும் அடி வரை உருட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அந்தக் கோப்பு கையில் இருந்தால் அங்கே உள்ள வக்கீல் பில் போடும் மணி நேரம் பாதியாகக் குறையும்.