மார்த்தாண்டத்தில் ஏர்சாஃப்ட் கடை: சரக்குக்கு முன்னால் மனு

தம்பி, கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு (விளையாட்டுக்காகச் சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடுவது) ஆர்டர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று யாரோ சொன்னதை நம்பி இறங்காதீர்கள். 2016 ஆயுத விதிகளில் அந்தச் சலுகை 0.177 அங்குலக் குழல் விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மிகாதவற்றுக்குத்தான். 0.177 அங்குலம் என்பது 4.5 மி.மீ.; ஏர்சாஃப்ட் குண்டோ பொதுவாக 6 மி.மீ. சக்தி ஒன்றிரண்டு ஜூல்தான் என்றாலும் அளவு இடிக்கிறது. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மாடல் விவரத்தோடு, லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டு மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

அதுவரை பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம், கையுறை விற்கலாம். கண்ணாடியில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள், 0.2 கிராம் குண்டுக்கே பார்வை போய்விடும். ஆன்சி இசட்87.1 என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தில், வேகமான மோதலைத் தாங்குவதைக் காட்டும் ‘Z87+’ முத்திரையை ஒவ்வொன்றிலும் பார்த்து வாங்குங்கள். அப்புறம், நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. உலோகச் சாமான்களை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள்.