கேஜிஎஃப் சயனைடு மேட்டு மண்ணுல பாக்டீரியா விட்டா தங்கம் வருமா?

கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல், ஆண்டர்சன்பேட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "வீட்டுக்குப் பின்னாடியே சயனைடு மேடு, அதான் சுரங்கத்துல தங்கம் எடுத்துட்டுக் கொட்டின மண்ணு. அந்த மண்ணை டிரம்ல போட்டு பாக்டீரியா கல்ச்சர் ஊத்தினா தங்கம் பிரிஞ்சிடும்னு ஒருத்தர் 40,000 கேக்குறார், குடுக்கலாமா அண்ணா?"

குடுக்காதீங்க தம்பி. பாக்டீரியா சமாச்சாரம் நிஜம்தான், அதனாலதான் நம்பத் தோணுது.

அதுல பிரபலமானது அசிடிதயோபாசிலஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ், 1947ல நிலக்கரிச் சுரங்கத்து ஆசிட் தண்ணில கண்டுபிடிச்சது. அதுக்குச் சாப்பாடு இரும்பும் கந்தகமும், தங்கத்தைத் தொடாது. சில தாதுல தங்கம் பைரைட்டுங்கற இரும்பு-கந்தகக் கனிமத்துக்குள்ள பொடிப்பொடியா மாட்டிக்கிட்டு இருக்கும், சயனைடு உள்ள நுழைய முடியாது, இது அந்தப் பைரைட்டைத் தின்னு வழி விடும், அப்புறமும் தங்கத்தைக் கரைக்கப் போறது சயனைடுதான். தென்னாப்பிரிக்கா ஃபேர்வியூ சுரங்கத்துல 1986ல ஆரம்பிச்சது இந்த முறைதான், பெரிய பெரிய டேங்க், 40 டிகிரி சூடு, விடாம காத்து ஊதணும், நாலஞ்சு நாள் ஊறணும்.

உங்க மேட்டு மண்ணு வேற ஜாதி. பெரும்பாலும் குவார்ட்ஸ் கல்லுதான், பைரைட் கம்மி, அதாவது பாக்டீரியாவுக்கு அங்க சோறே இல்ல. போதாததுக்கு நம்ம தாத்தாக்கள் காலத்துலயே மாவா அரைச்சு சயனைடுல ஊறவெச்சு எடுத்தாச்சு. மிச்சம் டன்னுக்கு சுமார் 0.7 கிராம். ஒரு டிரம்ல 300 கிலோ மண்ணு பிடிக்கும்னு வைங்க, பொட்டு விடாம எடுத்தாக்கூட கால் கிராம் தேறாது! மொத்த மேடும் சேர்ந்தா 3.3 கோடி டன் கிட்ட வரும்ங்கறதாலதான் கவர்மென்ட் அதைத் திரும்பத் திரும்பப் பாக்குது.

கழிவுல பாக்டீரியா ஜெயிச்ச இடம் பாக்கணும்னா உகாண்டா. கிலெம்பே செம்புச் சுரங்கம் கொட்டி வெச்ச பைரைட் குப்பை மழைல கரைஞ்சு ஜார்ஜ் ஏரிப் பக்கம் ஓடிட்டிருந்துச்சு, அதுல கோபால்ட் 1.4 சதவீதம் கிட்ட, 1999ல கசேசேல ஃபேக்டரி போட்டு பாக்டீரியா டேங்க்ல விட்டு கோபால்ட் எடுத்தாங்க, குப்பையும் குறைஞ்சுது. அங்க பைரைட்தான் குப்பையே, அதனால ஓடுச்சு.

அந்த ஆளு "தங்கத்தையே கரைக்கிற பாக்டீரியா இருக்கு"ன்னு மடக்கலாம். இருக்கு, க்ரோமோபாக்டீரியம் வயலேசியம், ஊதா கலர்ல வளரும். ஆனா அது தங்கத்தைக் கரைக்கறது தானே சயனைடு சுரந்துதான், மூடின ரூம்ல வெச்சா அந்த கேஸ் உங்க மூக்குக்குத்தான் வரும், அந்த பாக்டீரியாவே காயத்துல பட்டு ரத்தத்துல கலந்தா ஆளையே சாய்ச்சிடும். குழந்தைங்க இருக்கற வீட்டுல நினைச்சுக்கூடப் பாக்காதீங்க.

அடுத்த தடவை வந்தா ஒண்ணு மட்டும் கேளுங்க: "இந்த மண்ணுல சல்ஃபைடு கந்தகம் எத்தனை சதவீதம், லேப் ரிப்போர்ட் காட்டு." அதான் பைரைட்ல இருக்கற கந்தகம், பாக்டீரியாவோட சோறு. முழிப்பார். இன்னொண்ணு, சுரங்கத்தை நடத்தின கவர்மென்ட் கம்பெனி பாரத் கோல்டு மைன்ஸ் 2001ல மூடினாலும் மேடு கவர்மென்ட் சொத்துதான், ராத்திரில மூட்டை கட்டினா திருட்டு கேஸ் உங்க பேர்ல விழும், அவர் பேர்ல இல்ல.