தப்பினாள் என்ற சொல்

மதிப்பிற்குரிய ஐயா,
என் மகள் சாதாரண தரத்தில் 9 ஏ சித்தி பெற்றிருக்கிறாள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவையே கேட்கிறாள். கணக்கிலிருந்து தப்பினாள் என்று நாங்களும் ஆறுதலடைந்தோம். இப்போது மரபணுவையெல்லாம் கணினியே வாசிக்கிறது என்கிறார்கள். நாளைக்கு வைத்தியருக்கு வேலை இருக்குமா?
ஒரு தாய், சாவகச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

காய்ச்சல் உள்ளவரை வைத்தியரும் இருப்பார், அதை விடுங்கள். என்னைச் சுட்டது "தப்பினாள்" என்ற சொல்.

நானும் அப்படித் தப்பியவன்தான். மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் தவளையின் இதயத்தை வரைந்துகொண்டே, பக்கத்து வளவில் கணிதப் பிரிவின் தொகையீட்டோடு மல்லுக்கட்டிய நண்பனுக்காகப் பரிதாபப்பட்டேன். மனிதனின் மரபுச் செய்தி முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசிக்க 1990 இல் தொடங்கியிருந்த மனித மரபணுத் தொகுதித் திட்டம் என் பாடத்தை அவனுடைய பாடமாக்கிக்கொண்டிருந்ததை நான் அறியவில்லை.

பொறுமையாகக் கேளுங்கள். அந்தச் செய்தி A, C, G, T என்ற நான்கே வேதி எழுத்துகளால் ஆனது; அதன் 300 கோடி எழுத்துகளையும் எந்த இயந்திரமும் ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. பெரும்பாலானவை சில நூறு எழுத்துத் துண்டுகளாகவே தருகின்றன. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887 இல் கலித்தொகையைப் பதிப்பிக்கச் சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கினாரே, ஏறக்குறைய அந்த வேலைதான் இது: ஒரு பிரதியின் பொத்தலை மற்றொரு பிரதி அடைக்கும். ஆனால் இங்கே துண்டுகள் கோடிக்கணக்கானவை. எந்தப் பொருத்தம் உண்மை, எது தற்செயல் என்று தீர்ப்பது கண்ணல்ல, நிகழ்தகவு. 2003 இல் திட்டம் முடிந்ததாக அறிவித்த பின்னும், ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் பொருத்த முடியாமல் கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவை நிரம்ப 2022 ஆயிற்று.

இதை அறிந்தும் பதினாறு வயதுப் பிள்ளைகளை "பயோ", "மற்ஸ்" என்று இரண்டு பட்டிகளில் அடைத்து, பெற்றோரும் நின்று கதவைச் சாத்துகிறீர்கள். உலகின் பல மக்களின் மரபணுத் தொகுதிகளை வாசித்து ஒப்பிட்ட ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டம் 2015 இல் விவரித்த 26 மக்கட்குழுக்களில் ஒன்று, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். (தூய இரத்தம் தேடி எனக்கு எழுதுபவர்கள் தயவுசெய்து துள்ள வேண்டாம்.) அந்தத் தரவு யாரும் இறக்கிக்கொள்ளத் திறந்தே இருக்கிறது. நம்மவரின் எழுத்தை வாசிக்க நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

உங்கள் மகள் உயிரியலே படிக்கட்டும், நல்ல பிள்ளை. அவளுடைய கணிதக் கொப்பிகளை மட்டும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். சனிக்கிழமைகளில் இங்கே அனுப்புங்கள். நிகழ்தகவு எனக்குச் சொல்லித்தர வராது. நண்பன் இன்னும் பக்கத்து வளவில்தான் இருக்கிறான். இந்த வயதில் நானும் அவனிடம்தான் படிக்கிறேன்.