பழைய கிராபிக்ஸ் காட்டுக்குப் புது டிரைவர் ஏன் ஏறேல்லை?

கேள்வி: கஸ்தூரியார் வீதியில பழைய ஜீடி 710 கிராபிக்ஸ் காட் (திரையில படம் காட்டுற அட்டை) ஒண்டு வாங்கி வீட்டுக் கொம்பியூட்டரில போட்டனான். என்விடியா தளத்தில ஆகப் புது டிரைவரை (காட்டை விண்டோஸோட சேர்த்து இயக்கிற மென்பொருள்) இறக்கி ஓடவிட்டா, பொருத்தமான காட் இல்லை எண்டு நிண்டிடுது. காட் பழுதோ?
– வாசகர், கொக்குவில்

பதில்: கடைக்காரரோட சண்டைக்குப் போயிடாதேங்கோ, உந்தச் செய்தியை வச்சு காட் பழுதெண்டு சொல்லேலாது. உது கெப்ளர் எண்ட என்விடியாவின்ர பழைய சிப் தலைமுறைச் சாமான், அதுக்கு வழக்கமான டிரைவர் வாறது 2021 ஓட நிண்டிட்டுது, பிறகு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2024 செப்டெம்பர் வரைக்கும் குடுத்தவை, அதால இப்பத்தையான் டிரைவருக்கு உங்கட காட்டையே தெரியாது. அதே தளத்தில மொடலையும் விண்டோஸையும் சரியாத் தெரிவு செய்து தேடுங்கோ, 47 எண்டு தொடங்கிற இலக்கத்தில ஒண்டு வரும், அதுதான் உங்களுக்கு. நூற்றுக்கணக்கான எம்பி, போன் டேட்டாவில இறக்கிறதெண்டா பாத்து.

போடேக்க கஸ்டம் எண்டதுக்குள்ள போய் கிளீன் இன்ஸ்டலேஷனுக்கு டிக் போடுங்கோ. முந்தி வேற கொம்பனி காட் இருந்ததெண்டா, விண்டோஸை சேஃப் மோட்டில திறந்து, பழைய டிரைவரை அடியோட அழிக்கிற டிடியூ எண்ட மென்பொருளை ஓடவிட்டு பழசைத் துடைச்சிட்டுப் போடுறது நல்லம். டிரைவர் அப்டேட்டர் எண்டு விளம்பரத்தில வாற சொஃப்ட்வெயர் ஒண்டும் வேண்டாம், எனக்கு உதுகளைக் கண்ணிலயும் காட்டக் கூடாது.

பிறகு டிவைஸ் மனேஜரைப் பாருங்கோ. மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர் எண்டு கிடந்தா டிரைவர் இன்னும் ஏறேல்லை. மொனிட்டர் வயர் மதர்போட்டில இல்லாம காட்டிலதான் குத்தியிருக்கோ எண்டதையும் ஒருக்காப் பாருங்கோ, கனபேர் விடுற பிழை அது.