எத்தனை குழு என்று தெரியாத தரவில் கே-மீன்ஸை நம்பலாமா?

கே-மீன்ஸ் என்பது தரவுப் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைப் பார்த்து, நாம் கேட்கும் எண்ணிக்கையில் அவற்றைக் குழுக்களாகப் பிரிக்கும் முறை. எத்தனை குழு என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் அலகைப் பாருங்கள். நான் இதை வவுனியாக் கிணறுகளில் கற்றேன்.

இறுதியாண்டு ஆய்வுக்காக எங்கள் ஊரில் வீடு வீடாகத் தண்ணீர் எடுத்து மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), கடினத்தன்மை, புளோரைட்டு மூன்றையும் அளந்தோம். எந்தக் கிணறு எந்த வகை என்று ஒரு குறிப்பும் இல்லை. அட்டவணையை அப்படியே கே-மீன்ஸுக்குக் கொடுத்து மூன்று குழு கேட்டேன், மூன்று வந்தது. வரைபடத்தில் நிறம் தீட்டி அம்மாவிடம் காட்டினேன்.

"எங்கட கிணறும் பெரியம்மா வீட்டுக் கிணறும் ஒரே நிறமோ? அங்க பிள்ளையளுக்குப் பல்லெல்லாம் பழுப்பு. எங்களுக்குக் கேத்திலிலதான் கல்லுப் பிடிக்குது" என்றார்.

சரி, மூன்று கிணறுகளை எடுப்போம். ஒன்றில் கடத்துதிறன் 800 மைக்ரோசீமன்ஸ், புளோரைட்டு லீற்றருக்கு 0.5 மில்லிகிராம். அடுத்ததில் 800, 3. மூன்றாவதில் 810, 0.5. உலக சுகாதார நிறுவனம் புளோரைட்டுக்குச் சொல்லும் எல்லை 1.5. புளோரைட்டு அதிகமானால் பிள்ளைகளின் பல் பழுப்பாகும்; குடிக்கிறவருக்கு இரண்டாவது கிணறுதான் வேறு. கே-மீன்ஸுக்கோ முதலாவதிலிருந்து இரண்டாவது 2.5 தூரம், மூன்றாவது 10 தூரம். அட்டவணையில் பெரிய எண்கள் உள்ள நிரலே குழுவைத் தீர்மானித்துவிடுகிறது. ஒவ்வொரு நிரலிலும் இடையை (சராசரியை) கழித்து, நியம விலகலால் வகுத்து, திரும்ப ஓட்டினேன். பெரியம்மா வீட்டுக் கிணறு வேறு குழுவுக்குப் போனது.

அப்புறம்தான் எண்ணிக்கை. பிரிவே இல்லாத தரவிலும் கே-மீன்ஸ் நீங்கள் கேட்ட எண்ணிக்கையைத் தந்தே தீரும். அதனால் 2 முதல் 8 வரை ஓட்டி, பீட்டர் ரூசேயு 1987இல் தந்த சில்லுவெட் மதிப்பைப் பாருங்கள்: 1ஐ நெருங்கினால் பிரிவு தெளிவு, 0ஐ நெருங்கினால் குழுக்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. கால்வாசித் தரவை நீக்கிவிட்டும் ஓட்டுங்கள். அதே கிணறுகள் மறுபடி சேர்ந்தே வந்தால் நம்பலாம். எதோடும் ஒட்டாத கிணறுகள் இருந்தால் 1996இல் வந்த, அடர்த்தியைப் பார்த்துக் குழு சேர்க்கும் டிபிஸ்கேன் முறை நல்லது, அது அவற்றைத் தனியே விட்டுவிடும்.

எனக்கு 3க்கும் 4க்கும் சில்லுவெட் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. நாலாவது குழுவின் கிணறுகளை ஊரில் ஒரு ஐயாவிடம் காட்டினேன். "இதெல்லாம் குளக்கட்டுக்குக் கீழ இருக்கிற கிணறு தம்பி. குளத்தில தண்ணி நிக்கும் மட்டும் சவர் இராது" என்றார். 4ஐ வைத்துக்கொண்டேன்.