பெரிய விளையாட்டரங்கு இருக்க, சின்னப் பழைய மைதானங்களைச் சிலர் ஏன் இப்படிப் புகழ்கிறார்கள்?

கேள்வியோடு நிறுத்தியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். “வசதியில்லாத ஊர்க்காரர் தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்ளச் சொல்லும் கதையா?” என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அதுதான் சுட்டது. நீங்கள் போட்டிகளைத் தொலைக்காட்சியில் அதிகம் பார்க்கிறவர் என்று நினைக்கிறேன். அதில் பிழையில்லை. தொலைக்காட்சியில் எல்லா மைதானமும் ஒன்றுதான்.

நான் மட்டக்களப்பு. வெபர் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவன். அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் பொடியன்களுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த இயேசு சபைத் துறவி பாதர் ஹரல்ட் வெபரின் பெயர்தான் அதற்கு. மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் அவர் பெயரை எடுக்காமல் யாரும் முடிப்பதில்லை. அவரைப் போலவே வந்து கூடைப்பந்து பயிற்றுவித்த இன்னொருவர் பாதர் யூஜின் ஹேபியர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல்போனவர். இதையெல்லாம் தெரிந்த ஆட்கள்தான் அங்கே பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, உங்கள் கேள்வி. ஒரு நாள் பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன். பந்து வெளியே போக, வலது பக்கம் விளையாடுகிற பொடியன் துரோ எடுக்க எங்கள் முன்னால் வந்து நின்றான். கை நீட்டினால் தொடலாம். சித்தாலேபத் தைல வாசம் அடித்தது. இறங்கிப்போன காலுறைக்குள், முன்னங்காலைக் காக்கிற ஷின்கார்டுக்குப் பதிலாக மடித்த அட்டை தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதானவர், “மனே, அந்த மறிக்கிறவனுக்கு இடக்கால் வராது. உள்ளுக்குப் போடு” என்றார். அவன் பந்தைத் தலைக்கு மேலே தூக்கியபடியே, “அப்ப நீங்க வாங்க பெரியப்பா, நான் அங்க இரிக்கன்” என்றான். நடுவரே சிரித்துவிட்டார். அவன் கோட்டோரமாகவே எறிந்தான், பந்து பறிபோனது. பெரியவர் அவனுடைய பரம்பரையையே இழுத்து ஏசினார். இரண்டாம் பாதியில் அதே இடத்தில் மறுபடியும் துரோ. பொடியன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே எறிந்தான். கோல் ஒன்றும் விழவில்லை. ஆனால் பெரியவர் தானே விளையாடியது மாதிரி சால்வையை உதறித் தோளில் போட்டார்.

ஒலிபெருக்கிக்காரரையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போகிறவர் இடையில், “வாசலில் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டவர் உடனடியாக வந்து எடுக்கவும், ஐஸ்கிரீம் வண்டி உள்ளே வர முடியவில்லை” என்பார். அதற்கும் கைதட்டு விழும்.

பெரிய ஸ்டேடியத்தையும் பார்த்தவன்தான் நான், பார்க்காமல் பேசவில்லை. கொழும்பில் பல வருடம் வேலை செய்தேன். விருப்பப்பட்டு இல்லை. ஒரு திணைக்களத்தில் இடமாற்றம் கேட்டுக் கடிதம் கொடுத்தால் அது எந்த மேசையில் தூங்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குப் பின்னால் விண்ணப்பித்தவர்கள் ஊருக்குப் போய்க் கல்யாணமும் முடித்து, பிள்ளைக்கு ஏடு தொடக்கவும் என்னைக் கூப்பிட்டார்கள். என் கோப்பில் மட்டும் எப்போதும் ஒரு கையெழுத்து குறையும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில்கூட “பதில் ஆள் வந்ததும் பார்ப்போம்” என்றார்கள். அது வேறு கதை, விடுங்கள்.

அந்தக் காலத்தில்தான் கிரிக்கெட் பார்க்கக் கெத்தாராம போனேன், பிரேமதாச மைதானம். 1986-இல் திறந்தது, 35,000 பேர் இருக்கலாம். இரவு வெளிச்சம், சனம், பாப்பரே வாத்தியம் எல்லாம் பிரமாதம். மறுக்க மாட்டேன். ஆனால் நான் இருந்த இடத்திலிருந்து துடுப்பாட்டக்காரர் யாரென்று திரையைப் பார்த்துத்தான் பிடித்தேன். மட்டை வீசுவது முதலில் தெரிகிறது, சத்தம் பிறகு வருகிறது. நூறு மீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஒரு விநாடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேண்டாமா? விக்கெட் விழுந்தால் எல்லோரும் மைதானத்தை விட்டுத் திரையைத்தான் பார்த்தார்கள், நானும்தான். அதற்கு வீட்டுத் தொலைக்காட்சியே போதுமே என்று அப்போதே தோன்றியது.

அதே கொழும்பில் பொரளைப் பக்கம் சரவணமுத்து மைதானம் இருக்கிறது. தமிழ் யூனியன் கழகத்தினுடையது. 1948-இல் அவுஸ்திரேலியாவின் பிரட்மன் அங்கே ஆடியபோது ஆடுகளம் இரண்டு யார் குறைவாக இருந்ததாம், 22-க்கு 20. இலங்கையின் முதல் டெஸ்ட் 1982-இல் அங்கேதான். 1985-இல் இந்தியாவை வென்று முதல் டெஸ்ட் வெற்றி எடுத்ததும் அங்கேதான். கழகப் போட்டி நடக்கிற நாளில் போனால் விக்கெட் காப்பாளர் முணுமுணுப்பதுகூடக் கேட்கும். கண்டி அஸ்கிரியவும் அப்படித்தான், திரித்துவக் கல்லூரியின் மைதானம். முரளி 2007 டிசம்பரில் வோர்னின் 708 டெஸ்ட் விக்கெட் சாதனையைத் தாண்டியது அந்தப் பள்ளி மைதானத்தில்தான். பிறகு பல்லேகலயில் பெரிதாகக் கட்டினார்கள், சர்வதேசப் போட்டி எல்லாம் அங்கே போய்விட்டது. அம்பாந்தோட்டைப் பக்கம் சூரியவெவயில் 2011 உலகக் கிண்ணத்துக்காக 35,000 பேருக்குக் கட்டியதில் இப்போது எப்போதாவதுதான் போட்டி. இதைச் சொன்னால் உடனே அரசியல் பேசுகிறான் என்பீர்கள். கணக்குத்தான் பேசுகிறேன்.

“முன்னேற்றத்துக்கு எதிரி” என்று எழுத வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பக்க மைதானங்கள் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மார்கழி மழையில் தண்ணீர் நின்றால் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. என் தங்கச்சிக்கு ஆட்டம் என்றால் உயிர். ஆனாலும் பாதியில் எழும்பிப் போய்விடுவாள், கழிப்பறை இல்லை. இதை ஆண்கள் யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே, மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் பெரிய ஸ்டேடியம் வேண்டாமா என்று நீங்கள் கேட்டால், முதலில் இருக்கிற மைதானங்களுக்கு வடிகான் வெட்டட்டும், பெண்களுக்குக் கழிப்பறை கட்டட்டும், இரண்டு நல்ல விளக்குப் போடட்டும். காசு செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. பிரதம விருந்தினருக்குப் போடுகிற பந்தலைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் தள்ளிப் போடுங்கள். நடுக்கோட்டில் போட்டால் எங்களுக்கு மறைக்கிறது, அவரும் எப்படியும் இடைவேளைக்குப் பிறகுதான் வருவார்.