மேடையில் ஒன்றும் நடக்கவில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் மேடிசனில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் யோ லா டெங்கோ என்ற ராக் குழு இங்கே வந்திருந்தார்கள். கல்லூரி நாளிலிருந்து கேட்டுவரும் குழு என்பதால் அலுவலக நண்பனையும் கூட்டிப்போனேன். முதல் ஒரு மணி நேரம் முழுக்க முணுமுணுப்பாகவே பாடினார்கள். விளக்கு வித்தை இல்லை, கூட்டத்தோடு பேச்சும் இல்லை. அவனுக்குப் பிடிபடட்டும் என்று ஒவ்வொரு பாட்டின் பின்கதையையும் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும், "மேடையில ஒண்ணுமே நடக்கலையேடா, இதுக்கா நாப்பது டாலர்?" என்றான். நியூயார்க் மாதிரி ஊரில் பார்த்திருந்தால் வேறாக இருந்திருக்குமோ? இந்த மாதிரி இசைக்கு ஹெட்போன் போதாதா?

எஸ்., மேடிசன்

அன்புள்ள எஸ்.,

சில வாரங்களாக லோ என்ற இன்னொரு குழுவின், அதேபோல் தாழ்ந்த ஒலியில் வாசித்தவர்களின், பழைய ஆல்பங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நாற்பது டாலர் கணக்கை நண்பரிடமே விட்டுவிடுங்கள். ஊர்க் கவலையும் வேண்டாம். நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் உள்ள சிற்றூர் ஹொபோகனில் மேக்ஸ்வெல்ஸ் என்றொரு இடம் இருந்தது, இருநூறு பேர் நின்றால் நிரம்பிவிடும். 2001 தொடங்கிப் பல ஆண்டுகள் ஹனுக்கா என்ற யூதப் பண்டிகையின் எட்டு இரவும் அங்கே வாசித்தவர்கள் உங்கள் யோ லா டெங்கோ.

ஆனால் அந்த ஒரு வரியை என்னால் கடக்க முடியவில்லை. காதில் சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம். அதை ஒரு நல்ல காரியம்போல எழுதியிருக்கிறீர்கள்! அவர்களின் டிரம்ஸ் கலைஞர் ஜார்ஜியா ஹப்ளி கம்பிப் பிரஷ்ஷால் ஸ்னேர் என்ற சிறு டிரம்மை உரசும்போது எழுவது மெல்லிய சீறல். நம் பேச்சின் ச, ஸ, ஷ ஒலிகளும் ஏறத்தாழ அதே உயர்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கின்றன. கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிராது, காற்றின் சீறல் மட்டும்தான் மிஞ்சும். நீங்கள் முதலில் அழித்தது அந்தப் பிரஷ்ஷை. உங்களுக்கு மட்டுமா, பக்கத்தில் நின்றவர்களுக்கும் சேர்த்து. கத்திப் பேசியிருந்தால் யாராவது திரும்பி முறைத்திருப்பார்கள்.

ஒலிப்பொறியாளர் வால்யூமைக் கூட்டட்டுமே என்பீர்கள். மெல்லப் பாடுகிறவரின் மைக்கை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. ஸ்பீக்கரின் ஒலியையே அது திரும்ப வாங்கி ஊளையிடத் தொடங்கும், பக்கத்து டிரம்ஸும் அதற்குள் புகுந்துவிடும். பலத்த இசையை ஆம்ப்ளிஃபயரை நம்பி நடத்தலாம். தாழ்ந்த இசைக்குக் கூட்டம் இடம் விட்டால்தான் உண்டு. அந்தக் கச்சேரியில் பாதி வேலை உங்களுடையது, எஸ். நீங்கள் அதைச் செய்யவில்லை.

லோ குழு 1993இல் மினசோட்டாவின் டுலூத் நகரில் தொடங்கியது. சுப்பீரியர் ஏரிக்கரையில், ஒரு லட்சம் பேர்கூட இல்லாத ஊர். ராக் என்றாலே இரைச்சல் என்றிருந்த காலம். ஆலன் ஸ்பார்ஹாக் கிட்டார். அவர் மனைவி மிமி பார்க்கர் ஒரு ஸ்னேர், தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் டிரம் ஒன்று, ஒரு சிம்பல் தட்டு, அவ்வளவையும் நின்றபடியே வாசிப்பார். மதுக்கடை மேடைகளில் கூட்டம் பேச்சைக் கூட்டினால் இவர்கள் ஒலியை இன்னும் குறைப்பார்களாம்.

மினியாபொலிஸில் சில காலம் இருந்தபோது ஒரு குளிர்கால இரவில் அவர்களைக் கேட்டேன். பின்னால் பாரில் ஏதோ அலுவலகக் கூட்டம், ஒரே சிரிப்பு. முதல் சில பாட்டுகளில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யாரும் அதட்டாமலே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பாரில் நின்ற பெண் ஐஸ் அள்ளும் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பாட்டு முடிந்த பிறகே அள்ளினாள். அவளுக்கு அந்தக் குழுவின் பெயர் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். பின்கதை எதுவும் தேவைப்படவில்லை அவளுக்கு.

இதைச் சாது குணம் என்று நினைத்துவிடாதீர்கள். 2013 ஜூனில் அதே நகரத்தில், பெரிய திறந்தவெளி விழாவில், தங்களுக்குத் தந்த நேரம் முழுவதையும் ஒரே பாட்டாக, அரை மணிக்குச் சற்றுக் குறைவாக வாசித்தார்கள். பலருக்குக் கடும் எரிச்சல். முடிவில் ஸ்பார்ஹாக் போர் ட்ரோன்களுக்கு எதிராக ஒற்றை வாசகம் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்கள் யோ லா டெங்கோவிலும் ஐரா கேப்லனும் ஹப்ளியும் தம்பதிதான். அங்கும் கணவர் கிட்டார், மனைவி டிரம்ஸ், இருவரும் பாடுகிறார்கள். நாற்பது ஆண்டு சேர்ந்து வாசித்தவர்கள் எந்த இடத்தில் ஒருவருக்காக ஒருவர் நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதை மேடையருகே நின்றால் கண்ணால் பார்க்கலாம். ஹெட்போனில் அது கிடைக்காது. உங்கள் நண்பர் ஒன்றும் நடக்கவில்லை என்றாரே, அந்த ஒரு மணி நேரமும் நடந்தது அதுதான். அவருக்குத் தெரியாதது குற்றமில்லை. தெரிந்த நீங்கள் அதன்மேல் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

மிமி பார்க்கர் 2022 நவம்பர் 5 அன்று சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். வயது 55. லோ அத்தோடு முடிந்தது. இனி எந்த ஊரிலும் அந்த இரு குரல்களையும் சேர்த்துக் கேட்க வாய்ப்பில்லை. 2024இல் வந்த தனி ஆல்பத்தில் ஸ்பார்ஹாக் தன் குரலையே அடையாளம் தெரியாதபடி கருவியால் உருமாற்றிப் பாடியிருந்தார். எனக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. அடுத்த ஆண்டு டுலூத்தின் ட்ராம்பிள்ட் பை டர்ட்டில்ஸ் குழுவோடு சேர்ந்து, மறைக்காத குரலில் பாடினார். டுலூத்திலிருந்து மேடிசன் ஒரு பகல் கார்ப் பயணத்துக்குள்தான். அவர் உங்கள் பக்கம் வந்தால் தனியாகப் போங்கள். பாரிலிருந்து தள்ளி, மேடைக்கு முன்னால் இடம் பிடியுங்கள். சொல்ல நினைப்பதையெல்லாம் வீட்டுக்கு வந்தபின் எனக்கு எழுதுங்கள், எவ்வளவு நீளமானாலும் படிக்கிறேன்.